பாதரசத் தடங்கள் – 9: பாம்பாறு சோலைக்கு மேலே ஓர் ஆலை

சென்ற இதழில் மினமாட்டா விரிகுடாவில் நிறுத்தியிருந்தோம். அங்கே பாதரசம் ஆலைக் கழிவுநீரோடு கடலில் கலந்து, மீனுக்குள் புகுந்து, மீனைத் தின்ற பூனைகளையும் பிள்ளைகளையும் முடக்கிப் போட்டது. இந்த இதழில் நாம் ஏறப்போவது மலை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல். இங்கே பாதரசம் ஊருக்குள் சாக்கு மூட்டையில் வந்தது.

2001 மார்ச் 7. மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடை. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் பகுதி அது. வீடும் கடையும் நெருக்கியடித்து நிற்கும். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அந்தக் கடையில் கிழிந்த சாக்குகளில் நொறுங்கிய கண்ணாடி குவிந்து கிடந்தது. எடை 7.4 டன் என்று அன்று சொல்லப்பட்டது. அத்தனையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் உடைசல். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பாதரசமும் இருந்தது. பழநி மலைப் பாதுகாப்புக் கழகத்தினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அதை ஊரறியக் காட்டினார்கள். நானூறு பேருக்கு மேல் திரண்டு, அவற்றைச் செய்த தெர்மாமீட்டர் ஆலையின் வாசலுக்கு நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆலையின் பழைய தொழிலாளர்களும் இருந்தார்கள்.

மறுநாள் ஆலை மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை.

இந்த இரண்டு நாள் கதை பலருக்கும் தெரியும். ஊர்மக்கள் போராடினார்கள், பன்னாட்டு நிறுவனம் பணிந்தது என்று அது முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய 18 ஆண்டுகளும் பிந்தைய ஆண்டுகளும்தான். கதவைப் பூட்ட ஒரு நாள் ஆனது. கதவுக்குப் பின்னால் இருந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதை முடிவு செய்யவே ஒரு தலைமுறைக் காலம் போனது.

*

ஆலை கொடைக்கானலில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் தெர்மாமீட்டர் செய்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் பாண்ட்ஸ் பவுடர், கிரீம் செய்த அதே நிறுவனம். 1983-ல் அந்த ஆலையின் இயந்திரங்கள் மலையேறின. அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். செயின்ட் மேரீஸ் சாலையில், மலை விளிம்பில், சுமார் 25 ஏக்கரில் பாண்ட்ஸ் இந்தியாவின் ஆலை எழுந்தது.

அதன் பிறகு உரிமையாளர் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1987-ல் சீஸ்பரோ பாண்ட்ஸை யூனிலீவர் உலக அளவில் வாங்கியது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. 2007-ல் ஹிந்துஸ்தான் லீவர் தன் பெயரை ஹிந்துஸ்தான் யூனிலீவர் என்று மாற்றிக்கொண்டது. வழக்குக் கட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தப் பெயர் வரிசை தலைசுற்றலைத் தரும். தொழிலாளர்கள் வழக்கு நடத்த அமைத்துக்கொண்ட சங்கத்தின் பெயரிலேயே பாண்ட்ஸ், ஹெச்.எல்.எல். இரண்டும் இருந்தன.

பாதரசம் வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, வந்தது. கண்ணாடியும் அப்படியே. செய்து முடித்த தெர்மாமீட்டர் திரும்ப அமெரிக்காவுக்கே போய், அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் பரவியது. கொடைக்கானல் தந்தவை ஆட்களின் உழைப்பும் குறைந்த கூலியும் இடமும். வைத்துக்கொண்டது கழிவை. இப்படிச் சொல்வது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். ஆனால் சரக்கு வந்துபோன வழியைப் பார்த்தால் வேறு மாதிரிச் சொல்ல வழியில்லை.

ஊர் ஏன் எதிர்க்கவில்லை என்று இன்று கேட்பது சுலபம். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்து வீடு கட்டியதிலிருந்தே கொடைக்கானல் மற்றவர்கள் வந்துபோகும் ஊர். சீசன் என்றால் ஏப்ரல், மே, ஜூன். அந்த மூன்று மாதம் கழிந்தால் உருளைக்கிழங்கு, கேரட், பிளம்ஸ் தோட்டங்களில் கூலி வேலை. இப்படிப்பட்ட ஊரில் மாதம் பிறந்தால் சம்பளம், சீருடை, பெரிய கம்பெனியின் பெயர் ஆகியவை கிடைக்கும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்களும் பெண்களும் வரிசையில் நின்றார்கள். அந்த வேலையில் இருக்கிறார் என்பது கல்யாணப் பேச்சில் எடுபடும் தகுதியாக இருந்தது.

*

உள்ளே என்ன வேலை? மெல்லிய கண்ணாடிக் குழல். ஒரு நுனியில் குமிழ். காற்றை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டுக் குழலுக்குள் பாதரசத்தை ஏற்ற வேண்டும். சூடாக்கி, மிகையானதை வெளியேற்றி, மறுநுனியைத் தீயில் உருக்கி மூட வேண்டும். பிறகு வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சரிபார்த்து அளவுக்கோடு போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் குழல் உடையும். உடைந்தால் பாதரசம் சிந்தும்.

சிந்திய பாதரசத்தைத் தரையில் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். ஒரு துளியைத் துடைப்பத்தால் தள்ளினால் அது பத்தாக உடையும். பத்தும் நாலு பக்கம் ஓடும். சிமெண்டுத் தரையின் விரிசல், மேசைக் காலடி, சுவரும் தரையும் சேரும் மூலை என்று போய் ஒளிந்துகொள்ளும். சட்டை மடிப்பிலும் தலைமுடியிலும் மணிபோல் ஒட்டியிருக்கும். முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் வாக்குமூலங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: தரையில் மின்னும், கையில் எடுத்து விளையாடுவோம், சீருடையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்போம். ஆபத்து என்று யாரும் புரியும்படி சொல்லவில்லை என்றும் சொன்னார்கள். பாதுகாப்புச் சாதனங்களும் முறையான மருத்துவப் பரிசோதனையும் இருந்தன, தொழிலாளர் நலன் கண்காணிக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் பதில்.

விளையாட்டில் ஒரு துளி வயிற்றுக்குள் போனால்கூடப் பெரிய கேடில்லை; உலோகப் பாதரசத்தைக் குடல் பெரிதாக உறிஞ்சுவதில்லை. ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் பாதரச ஆவியில் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் ரத்தத்தில் சேர்த்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் மெல்ல மெல்ல வரும். ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

20 டிகிரி செல்சியஸில், காற்றோட்டமில்லாத அறையில் பாதரசம் திறந்து கிடந்தால், அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 13 மில்லிகிராம் வரை ஆவி சேர முடியும். வேலையிடத்துக் காற்றில் இருக்கலாம் என்று பொதுவாக ஏற்கப்படும் வரம்பு 0.025 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு வித்தியாசம். மலைக் குளிரில் ஆவியாவது குறையுமே என்று கேட்கலாம். குறையும்தான். ஆனால் கண்ணாடியைத் தீயில் வாட்டும் கூடத்துக்குள் மலைக் குளிர் ஏது?

*

மூஞ்சிக்கல் மூட்டைகளுக்கு வருவோம். பாதரசம் ஒட்டிய கண்ணாடியைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றது தங்கள் விதிமுறைகளுக்கு முரணானது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆலையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்துக் கடைக்குப் போனது அந்தச் சரக்கு. ஆனால் தொழிலாளர் உடல்நலத்துக்கோ வெளிச் சுற்றுச்சூழலுக்கோ கேடு எதுவும் இல்லை, வளாகத்துக்குள் சில இடங்களில் மண் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதில் அது உறுதியாக நின்றது. அன்று எடுத்த அந்த நிலையிலிருந்து நிறுவனம் பெரிதாக நகரவே இல்லை.

வளாகத்தின் பின்மதிலுக்கு அப்பால்தான் பாம்பாறு சோலை சரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடு பஞ்சைப்போல நீரை இழுத்து வைத்துக்கொண்டு கோடையில் கசியவிடும். பாம்பாற்றின் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் இறங்கி, வைகைப் படுகையைச் சேர்கிறது. கும்பக்கரையில் குளிப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தண்ணீர் புறப்படும் சரிவின் உச்சியில் இருந்த ஆலையைப் பற்றித் தெரியும்? அந்தச் சரிவிலும் கண்ணாடி உடைசல் கொட்டப்பட்டிருந்ததை 2001-ல் கண்டார்கள். மழைநீரோடு மண் அடித்துப் போகாமலிருக்க வளாகத்தில் வண்டல் தடுப்புகள் கட்டப்பட்டன.

எவ்வளவு பாதரசம் வெளியே போனது? இதற்கு மளிகைக் கடைக் கணக்குப் போதும். வாங்கியது இவ்வளவு, தெர்மாமீட்டருக்குள் அடைத்து அனுப்பியது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு, மீதி எங்கே? ஆனால் இந்தக் கணக்கில் நிறுவனமும், அது அமர்த்திய யு.ஆர்.எஸ். டேம்ஸ் அண்ட் மூர் என்ற ஆலோசனை நிறுவனமும், சூழலியல் அமைப்புகளும் ஒரே விடைக்கு வரவில்லை. ஒரு தரப்பு கிலோவில் பேசியது. மறுதரப்பு டன்னில் பேசியது. மூலக் கணக்குப் புத்தகம் நிறுவனத்தின் கையில் இருந்தது.

2003 மே மாதம் அபூர்வமான ஒன்று நடந்தது. ஆலையில் மிச்சமிருந்த பாதரசக் கழிவும், மூஞ்சிக்கல்லிலிருந்து திரும்ப எடுக்கப்பட்ட கண்ணாடியுமாகச் சுமார் 290 டன் சரக்கு மலையிறங்கித் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. போன இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லஹேம் அப்பரேட்டஸ் என்ற பாதரச மீட்பு ஆலை. பணக்கார நாடுகளின் நச்சுக் கழிவு ஏழை நாடுகளின் கரையில் இறங்குவதுதான் வழக்கம். கப்பல் உடைக்கும் தளங்களையும் மின்னணுக் குப்பைமேடுகளையும் இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே பார்த்தோம். இந்தச் சரக்கு எதிர்த்திசையில் போனது. போராடியவர்களுக்கு உண்மையான வெற்றி என்று ஒன்றைக் குறிப்பிடச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கப்பலில் ஏறியது மூட்டை கட்ட முடிந்தது மட்டும். காற்றில் போனதும் மண்ணில் இறங்கியதும் அங்கேயே இருந்தன.

*

காற்றில் போனதற்குச் சாட்சி சொன்னவை பாசிகள். மரப்பட்டையில் படரும் லைக்கனுக்கும் பாசிக்கும் மண்ணிலிருந்து உணவு எடுக்கும் வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதையே உண்டு, நச்சு வந்தால் அதையும் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஹைதராபாத்தில் உள்ள, அணுசக்தித் துறையைச் சேர்ந்த பொருள் பகுப்பாய்வு மையத்தின் விஞ்ஞானிகள், ஆலையைச் சுற்றியும் கொடை ஏரி, பேரிஜம் ஏரிப் பகுதிகளிலும் இவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2003-ல் வெளியானது. ஆலையை ஒட்டியும் கொடை ஏரிப் பக்கமும் எடுத்த மாதிரிகளில் பாதரசம் மிக அதிகம். ஆலைக்கு வெளியே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 1.32 மைக்ரோகிராம். தொழிற்சாலை இல்லாத இடத்துக் காற்றில் இருப்பது இதில் பல நூற்றில் ஒரு பங்குதான்.

அதே விஞ்ஞானிகள் பிறகு ஏரியையே ஆராய்ந்தார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. படகுத்துறையும் சைக்கிள் வாடகையும் சுட்ட சோளமுமாக லட்சக்கணக்கானோர் சுற்றிவரும் ஏரி. அதன் நீர், அடிவண்டல், மீன் மூன்றிலும் பாதரசம் இருந்தது. வண்டலில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறியிருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். மினமாட்டாவைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். உலோகப் பாதரசம் நீரடிச் சேற்றில் போய்ச் சேர்ந்தால், காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும். அது மீனில் ஏறும். சிறிய மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் ஏறும். மினமாட்டாவில் அந்தச் சரக்கு ஆலைக்குள்ளேயே உருவாகி வெளியே வந்தது. இங்கே அதைச் செய்யச் சேறே போதும். மினமாட்டா அளவுக்கு ஒரு பேரழிவு கொடைக்கானலில் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பயமுறுத்துவது இந்த விவகாரத்தில் அடிக்கடி நடந்திருக்கிறது. அது தொழிலாளர்களின் வழக்குக்கு நன்மை செய்யவில்லை.

*

தொழிலாளர்களின் வழக்கு 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சிறுநீரகக் கோளாறு, தோல் வியாதி, ஓயாத தலைவலி, கருச்சிதைவு, குறையோடு பிறந்த குழந்தைகள், இளவயது மரணங்கள் என்று அவர்களிடம் நீண்ட பட்டியல் இருந்தது. நிரூபிப்பதுதான் பாடு.

இதில் உடலியல் சார்ந்த ஒரு சிக்கல் இருக்கிறது. மூச்சில் ஏறிய பாதரசத்தை உடம்பு மெல்ல மெல்லச் சிறுநீரில் தள்ளிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஆலை மூடிய இரண்டு வருடத்துக்குள் சிறுநீரில் சொல்லும்படியாக எதுவும் மிஞ்சாது. பாதரசம் போய்விடும், அது செய்த சேதம் போகாது. ஆகவே 2006-க்குப் பிறகு ஒருவரைப் பரிசோதித்து, பாதரசம் இல்லையே என்று சொல்வதில் பொருளே இல்லை. வேலை செய்த காலத்தில் எடுத்த பரிசோதனைக் குறிப்புகள்தான் சாட்சி. அந்தக் குறிப்புகள் யாரிடம் இருந்தன? பாதரசக் கணக்குப் புத்தகம் இருந்த அதே கையில்.

நீதிமன்றத்தின் உத்தரவில் 2007-ல் அமைந்த நிபுணர் குழு, தொழிலாளர்களின் அன்றைய உடல்நிலையைப் பழைய பாதரசத் தொடர்போடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நிறுவனம் இன்றுவரை சுட்டிக்காட்டுவது அதைத்தான். 2011-ல் மத்தியத் தொழிலாளர் நலத்துறை அமைத்த குழுவோ, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. ஒரே ஆலை, ஒரே ஆட்கள், இரண்டு அறிக்கை. போதிய ஆதாரம் இல்லை என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. ஆனால் பத்திரிகைத் தலைப்புகளிலும் நிறுவன அறிக்கைகளிலும் முதலாவது சீக்கிரமே இரண்டாவதாக மாறிவிடுகிறது.

கொடைக்கானல்காரர்கள் காலத்தைக் குறிஞ்சியால் கணக்கிடுவதுண்டு. 1982-ல் பூத்தது, அடுத்த ஆண்டு ஆலை வந்தது. 1994-ல் பூத்தபோது ஆலை முழுவீச்சில் ஓடியது. 2006-ல் பூத்த ஆண்டு வழக்கு. அடுத்த பூவுக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தீர்ப்பு வரவில்லை. பாட்டு வந்தது. 2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃபின் ‘கொடைக்கானல் வோன்ட்’ காணொலி இணையத்தில் ஏறியது. நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் ‘அனகோண்டா’ பாட்டின் மெட்டு. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்லும் நிலை வந்தது. 14 ஆண்டு மனு, மறியல், ஆய்வறிக்கை எல்லாம் போய்த் தட்டியும் திறக்காத கதவு மூன்று நிமிடப் பாட்டுக்குக் கொஞ்சம் திறந்தது என்றால், அதில் மகிழ்வதா கசப்பதா தெரியவில்லை.

2016 மார்ச் 9-ல் சமரசம். 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் கருணைத்தொகை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. மனிதாபிமான அடிப்படையில் என்றது. தொகை எவ்வளவு என்று இரு தரப்பும் வெளியே சொல்லவில்லை. சங்கம் வழக்கைத் திரும்பப் பெற்றது. பத்து வருடம் நீதிமன்றப் படி ஏறி இறங்கியவர்களுக்குக் கையில் ஏதோ வந்தது. அவர்கள் வாங்கியதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீதிமன்றம் தன் வாயால், பாதரசம் இவர்களைப் பாதித்தது என்றோ பாதிக்கவில்லை என்றோ சொல்லும் வாய்ப்பு அத்தோடு போனது.

*

மண் விவகாரம் இந்தச் சமரசத்தில் சேரவில்லை. அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

உச்ச நீதிமன்றத்தின் அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு 2004-ல் வந்து பார்த்தது. 2006-ல் இயந்திரங்களைச் சுத்தம் செய்து மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி, மண்ணைச் சுத்தம் செய்யும் முறையை வகுத்தது. முன்னேற்பாடுகள் 2009-ல் தொடங்கின. சூழலியல் அமைப்புகள் ஆட்சேபிக்க, கூடுதல் ஆய்வு வேண்டும் என்று 2010 வாக்கில் வேலை நின்றது. டெல்லி ஐ.ஐ.டி., நீரி, ஊட்டியின் மண்–நீர்ப் பாதுகாப்பு மையம் மூன்றும் மறுபடி ஆராய்ந்தன.

சண்டை முழுக்க ஒரு எண்ணைப் பற்றி. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சினால் அந்த மண் சுத்தம்? ஆரம்பத்தில் பேசப்பட்டது 10. நெதர்லாந்தின் குடியிருப்பு நில அளவை ஒட்டியது. பிறகு இந்த இடத்துக்கென்று தனியாக ஆபத்து மதிப்பீடு செய்து தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்ற எண் 20. கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கு 6.6. பிரிட்டனில் 1 என்றார்கள் எதிர்ப்பாளர்கள். லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனம் கொடைக்கானலுக்கு மட்டும் இருபது மடங்கு தளர்வு கேட்பதா என்பது அவர்களின் கேள்வி. மேடையில் நன்றாக எடுபட்ட கேள்வி.

இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பிரிட்டன் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் வீட்டு நிலத்துக்குப் பாதரச எண் மூன்று இருக்கின்றன. உலோகப் பாதரசமாக இருந்தால் 1. மெத்தில் பாதரசமாக இருந்தால் 11. உப்பாக மாறி மண்ணோடு பிணைந்திருந்தால் 170. ஒரே பாதரசம், வடிவம் மாறினால் எண் மாறுகிறது. ஆவியாகி மூச்சில் ஏறுவது உலோக வடிவம் என்பதால் அதற்குத்தான் கடுமை. ஆகவே நிறுவனத் தரப்பு 170-ஐ நீட்டலாம், எதிர்த்தரப்பு 1-ஐ நீட்டலாம், இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சான எண்கள். கொடைக்கானல் மண்ணில் இருப்பது எந்த வடிவம், எவ்வளவு காலத்தில் எதுவாக மாறும் என்பதுதான் உண்மையான கேள்வி. தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து சிந்தியது உலோகம்தான். ஆனால் பல மழைக்காலம் கண்ட மண்ணில் அது அப்படியே இருக்காது.

இன்னொன்று உண்டு. இந்த எண்களெல்லாம் அந்த நிலத்தில் குடியிருக்கும் மனிதருக்குக் கணக்கிடப்பட்டவை. பாம்பாறு சோலையில் மனிதர் குடியிருக்கவில்லை. மதிலுக்குக் கீழே இருப்பது சோலையும் ஓடையும். அங்கே மூச்சில் ஏறும் ஆவியைவிட, மண்ணோடு அரித்துப் போய் நீரடியில் தங்குவதுதான் ஆபத்து. குடியிருப்பு நிலத்தின் அளவுகோலை ஓர் ஆற்றின் தலைமாட்டில் வைத்து அளந்தது சரியா என்று கேட்டவர்களுக்கு நிறைவான பதில் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

2017-ல் சோதனை முறையில் மண் கழுவும் வேலை தொடங்கியது. முறை கேட்பதற்குச் சிக்கலாக இருந்தாலும் அடிப்படை எளிது. மண்ணைத் தோண்டி எடுத்து, நீரில் கலக்கி, சல்லடையில் பிரிப்பார்கள். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய துகள்களில் ஒட்டியிருக்கும். கல்லும் பெருமணலும் கழுவினால் தேறிவிடும். நுண்மண்ணை மூடிய கலத்தில் இட்டுச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகும். அதைக் குளிர்வித்துப் பிடித்துவிடலாம். மிஞ்சிய மண் செத்த மண். புழுவும் பூஞ்சையும் மக்கும் எல்லாம் போய்விட்ட வெறும் பொடி. அதில் மறுபடி சோலை வளர்ப்பது வேறு வித்தை. மரம் நிற்கும் இடத்தில் மரத்தை எடுக்காமல் மண்ணை எடுக்க முடியாது. மரத்தை எடுத்தால் அந்தச் செங்குத்துச் சரிவில் மழை மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கும். சுத்தம் செய்யப் போய், இருந்த இடத்திலாவது இருந்த பாதரசத்தைக் கிளப்பிவிடும் ஆபத்து. அதிகம் தோண்டினாலும் கேடு, குறைவாகத் தோண்டினாலும் கேடு என்ற நிலையில் 20-தான் நடுவழி என்றது வாரியம்.

ஏற்காதவர்கள் 2018 ஜூனில் இன்னொரு பாட்டோடு வந்தார்கள். சோஃபியா அஷ்ரஃபோடு கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் பாடிய ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’. முதல் பாட்டின் பரபரப்பு இதற்கு இல்லை. அந்த ஆண்டில் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போனது. அதே ஜூனில் இந்தியா, பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை முறைப்படி ஏற்றது. பாதரசத் தெர்மாமீட்டர் செய்வதையும் ஏற்றுமதி, இறக்குமதி செய்வதையும் உலகம் முழுக்க நிறுத்துவதற்கான கெடு அதில் 2020. வீடுகளில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் அதற்கு முன்பே புகுந்துவிட்டது. செயின்ட் மேரீஸ் சாலையில் முழு அளவில் மண் கழுவ வாரியத்தின் இசைவு கிடைத்தபோது, அங்கே செய்யப்பட்ட பொருளுக்கே சந்தை முடிந்துபோயிருந்தது. தோண்ட வேண்டிய மண் 20-க்குக் கீழே வந்துவிட்டதா என்று மாதிரி எடுத்து மாதிரி எடுத்துப் பார்க்கும் வேலைதான் அதற்குப் பிறகு அங்கே பாக்கி இருந்தது.

(தொடரும்)